பிணம் இல்லாமல் பாடியவள்

எங்கள் ஊரில் தங்கச் சுரங்கத்து ஷாஃப்டுகளுக்கெல்லாம் வெள்ளைக்காரர் பெயர்தான். யாரோ ஒரு துரை, துரையின் மைத்துனன், துரை வீட்டுப் பெண் என்று பெயர் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். அந்தக் குழிகளில் இறங்கினவர்களுக்குக் கல்லறையில்கூடப் பாதிப் பேருக்குப் பெயர் கிடையாது. இந்த லட்சணத்தில், தங்கவயலின் பெரிய மனிதர்களைப் பற்றி ஒரு மலர் போடுகிறோம், யாரைப் பற்றியாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். தாயம்மாவைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அவர் எந்த யூனியன் என்று கேட்டார்கள். யூனியன் என்ற சொல்லே இந்தப் பக்கம் வராத காலத்தில் இருந்தவள் என்றேன். அப்படியானால் என்ன சாதித்தார் என்றார்கள். ஒன்பது வருஷம் சாகாமல் இருந்தாள் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

தாயம்மா வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவள். அப்போது இங்கே ரயில் இல்லை. புருஷனும் அவளும் கைப்பிள்ளை தசரதனும் பஞ்சம் பிழைக்க வந்து, மாரிகுப்பத்துக்குப் பக்கத்தில் கூலிக்காரர்களுக்கு வரிசையாக மூங்கில் தட்டியால் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியேறினார்கள். தட்டி வீடு என்றால் அடுத்த வீட்டுக்காரன் இருமினால் நம் வீட்டுச் சட்டி அதிரும். புருஷன் ஷாஃப்டில் இறங்கினான். இவள் மேலே, பொடியாக இடிக்கும் மில்லுக்குப் போகும் கல்லைப் பொறுக்கிப் பிரிக்கும் வேலைக்குப் போனாள். ஊர் பழகுவதற்குள் புருஷன் கல் விழுந்து செத்தான். எந்தச் சுரங்கம் என்று நான் எழுதப்போவதில்லை; எல்லாச் சுரங்கத்திலும் கல் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அன்றைக்குத்தான் அவள் குரலை லைன் முதன்முதலாகக் கேட்டது.

"மண்ணுக்கு மேலே ஒரு மாடிவீடு கேட்டேனா
மண்ணுக்குக் கீழே நீ மாளிகைக்குப் போனியே"

என்று அவள் எடுத்தபோது, பிணம் தூக்க வந்த ஆண்கள் தூக்க மறந்து நின்றார்களாம். அதற்குப் பிறகு எந்த லைனில் சாவு விழுந்தாலும் தாயம்மாவைக் கூப்பிட்டார்கள். கிறிஸ்தவர் வீடுகளிலும் கூப்பிட்டார்கள். பாதிரியார் வருவதற்கு முன் பாடி முடித்துவிட வேண்டும் என்பது மட்டும் அங்கே ஏற்பாடு. அவள் கூலி கேட்டதில்லை. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்வாள், குளித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குள் நுழைவாள்.

ஒப்பாரிக்கு ஒரு கட்டு உண்டு. பிணம் இல்லாத இடத்தில் அதைப் பாடக்கூடாது. மாவு ஆட்டும்போதுகூட வாய்க்குள் முனகக்கூடாது. பாட்டில் யார் பெயர் விழுகிறதோ அவரைச் சாவு தேடி வரும் என்பது நம்பிக்கை. உயிரோடு இருப்பவர் பெயரைச் சொல்லிப் பாடுவதும் அவருக்குக் குழி வெட்டி வைப்பதும் ஒன்றுதான். தாயம்மா இதற்காகவே வீட்டில் இருக்கும்போதெல்லாம் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டிருப்பாள். கை வேலையாக இருக்கும்போது தன்னையறியாமல் பாட்டு வந்துவிடப்போகிறது என்று அவளுக்குப் பயம்.

இந்தக் கட்டை உடைக்கச் சொன்னவர் சாம்ராஜ். சுரங்கத்துக்குள் கல் சரியாமல் மரம் முட்டுக்கொடுத்துக் கட்டுகிறவர், நல்ல மனுஷர், பைபிள் படித்தவர். ஒப்பாரி வைப்பது அஞ்ஞானிகள் வழக்கம் என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கேட்டுவிட்டு வந்தவர்தான், திங்கட்கிழமை அதை ஆயுதமாக எடுத்தார். கோபம் வந்தால் மனுஷனுக்கு எந்த வேதமும் நினைவில் நிற்காது.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. ரயில் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கம்பெனிக்குப் புதிதாக ஒரு துரை வந்தார். மேலே வருகிற ஆட்கள் தங்கத்தைத் திருடுகிறார்கள் என்று, ஷிப்டு முடிந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜிலிருந்து வெளியே வருகிறவனை ஒரு கொட்டகைக்குள் நிறுத்தி, கோவணத்தையும் அவிழ்க்கச் சொல்லிச் சோதிக்கும்படி உத்தரவு போட்டார். அப்பனும் மகனும் ஒரே ஷிப்டில் வேலை செய்கிற ஊர் இது. ஒருவர் எதிரில் ஒருவர் அம்மணமாக நிற்க வேண்டியிருந்தது. லைன் கொதித்தது. இந்தச் சோதனையை எடுக்கும்வரை யாரும் இறங்குவதில்லை என்று முடிவாயிற்று. தண்ணீர் இறைக்கும் பம்ப்காரர்கள் மட்டும் போகலாம், இல்லாவிட்டால் சுரங்கமே முழுகிவிடும் என்று சாம்ராஜே சொன்னார்.

கொஞ்ச நாள் எல்லாரும் உறுதியாக இருந்தார்கள். பிறகு பசி வந்தது. துரை என்று ஒரு பையன் (பெயர்தான் துரை, பாவம், கட்டிக்கொள்ள இரண்டாவது வேட்டி இல்லாதவன்) காலைச் சங்கு ஊதினதும் ஷாஃப்டை நோக்கி நடந்தான். அவனை அடித்து நிறுத்தலாம் என்றார்கள் சிலர். அடித்தால் கம்பெனியின் சிப்பாய்களுக்கு நாமே வழி விட்ட மாதிரி ஆகும் என்று சாம்ராஜ் தடுத்தார். அவர் நேராகத் தாயம்மாவிடம் போனார்.

"யக்கா, நீங்க ஒரு பாட்டு எடுக்கணும். நம்பள வுட்டு எறங்கறவன் நமக்கு செத்தவன். செத்தவனுக்கு அழறதுல இன்னா தப்பு?"

"உசுரோட கீறவனுக்கு அழக்கூடாதுப்பா. அது கெட்ட காரியம்."

"உங்க புருசன் செத்தப்ப யாரு கேட்டாங்க? நாளைக்கு உங்க புள்ளய அவுத்துப்போட்டுப் பாக்கச் சொல்ல யாரு கேப்பாங்க?"

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை எழுப்பியது. அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, கூந்தலை அவிழ்த்துக்கொண்டு, ஷாஃப்டுக்குப் போகும் பாதையில் புழுதியில் உட்கார்ந்தாள்.

"கூட்டாளி மேலிருக்க கூண்டுக்குள்ளே போறவனே
கூப்பிட்டும் கேக்காம குழிக்குள்ளே போறவனே
பாலூத்த ஆளில்ல பந்தலிட ஆளில்ல
பங்காளி தோளில்ல பாடைய யார் தூக்க
துரையின்னு பேர்வெச்சு தொலைச்சாளே உன் ஆத்தா"

துரை திரும்பிப் பார்த்தான். முகத்தில் ரத்தமில்லை. வந்த வழியே ஓடி வந்து அவள் காலில் விழுந்தான். என் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினான். அவன் தலையில் தண்ணீர் ஊற்றிக் கழிப்புக் கழித்தார்கள். அன்று முழுதும் லைனில் சிரிப்புதான். துப்பாக்கி இல்லாமல், தடி இல்லாமல் ஒரு ஆளை மடக்கியாயிற்று என்று சாம்ராஜ் பெருமைப்பட்டுக்கொண்டார். தாயம்மா மட்டும் குளித்துவிட்டு வந்து குளிர் அடித்ததுபோல் மூலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்தவன் மரியகுழந்தை. கத்தோலிக்கன், கல்யாணமாகி மூன்று வருஷம்கூட ஆகாதவன். அவன் காலையில் வந்தபோது பெண்டாட்டி லூயிசா சோற்றுத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். அதைப் பார்த்தவர்கள் பலர். இடுப்பில் ஒரு குழந்தை, அழக்கூடத் தெம்பில்லாத குழந்தை. தாயம்மா பாடினாள். மரியகுழந்தையின் பெயரைச் சொல்லிப் பாடினாள். அவன் ஒரு கணம் நின்றான், லூயிசாவைப் பார்த்தான், சிலுவை போட்டுக்கொண்டான், கேஜுக்குள் போய்விட்டான்.

மறுநாள் பகலில் கல் சரிந்து செத்தான்.

கீழே மரம் கட்டுகிற ஆட்கள் எல்லாரும் மேலே உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலிருக்கும் கல்லைக் கம்பியால் தட்டிப் பார்த்து, இது பொய்க்கல், இதற்கடியில் நிற்காதே என்று சொல்ல ஆள் இல்லை. ஆள் இல்லாமல் இறக்கியது கம்பெனி. இது எனக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரிகிறது. அன்றைக்கு லைனில் இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆற்றாத கோபம். சாம்ராஜாவது சொல்லியிருக்கலாம், அவர் தொழிலே அது. அவரும் வாயைத் திறக்கவில்லை. பாட்டு வேலை செய்துவிட்டது என்றுதான் ஊர் பேசியது.

அதற்குப் பிறகு ஒரு ஆள்கூட இறங்கவில்லை. சங்கு ஊதும், யாரும் அசையமாட்டார்கள். வேலைநிறுத்தம் அவ்வளவு கெட்டியாக அதற்கு முன் இருந்ததில்லை. தாயம்மா தண்ணீர் பிடிக்க வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். அவள் வாயைத் திறந்து யார் பெயரையாவது சொல்லிக் கூப்பிட்டுவிடுவாளோ என்று பயம். தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் பார்வதம்மா, அடுப்புக்கு நெருப்பு வாங்க எப்போதும் இவள் வீட்டுக்கு வருகிறவள், லைனின் அடுத்த கோடிக்குப் போக ஆரம்பித்தாள்.

தாயம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. இனிமேல் பாடமாட்டேன் என்று சாம்ராஜிடம் சொல்லிவிட்டாள். அவரும் சரி என்றார். இனித் தேவைப்படாது என்று அவர் நினைத்தார்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. பம்ப்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு வெளியூர் ஆட்களை அவர்களோடு சேர்த்துக் கீழே அனுப்பத் தொடங்கியது. இது தெரிந்ததும் சாம்ராஜ், இனிப் பம்ப்காரர்களும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், ஒருவனைத் தவிர. அந்த ஒருவன் தாயம்மாவின் மகன் தசரதன். அவன் பம்ப்காரன்.

"தண்ணி ஏறிச்சின்னா கீழ் லெவல் ரெண்டும் போய்டும்," என்றான் தசரதன், எல்லார் எதிரிலும். "அப்பறம் சண்டையில ஜெயிச்சி எங்க எறங்கறது? நான் கம்பெனிக்காகப் போவல. நாளைக்கு நீங்க எறங்க எடம் வோணும்னு போறேன்."

அவன் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சாம்ராஜ் சொன்னதிலும் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டையைப்போல ஆபத்தானது வேறு இல்லை.

அன்று மாலை சாம்ராஜ் நாலு பேரோடு தாயம்மா வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். வெள்ளைச் சேலை, இடுப்பில் குழந்தை. லூயிசா.

"எம் புருசனுக்குப் பாடினியே," என்றாள். "உம் புள்ளைக்கிப் பாடு."

தாயம்மாவை அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள். சாம்ராஜ் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"யக்கா, நீங்க பாடலன்னா, தாயம்மா ஊரான் புள்ளையத்தான் சாவடிப்பா, தம் புள்ளைய உட்டுருவான்னு பேசுவாங்க. நாளைக்கே பாதி லைன் எறங்கிடும். இத்தினி நாள் பட்டினி கெடந்தது எல்லாம் போச்சி."

அவர்கள் போனதும் தாயம்மா மகனைப் பிடித்துக்கொண்டாள். போகாதேடா என்றாள். எனக்கு இருப்பது நீ ஒருத்தன் என்றாள். கெஞ்சினாள், திட்டினாள், அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். தசரதன் அவளைத் தூக்கி உட்காரவைத்தான்.

"பாட்டுல ஆள் சாவான்னா கம்பெனிக்காரன் உன்ன சம்பளத்துக்கு வெச்சி இந்நேரம் லைனையே காலி பண்ணிருப்பாம்மா," என்று சிரித்தான். "நீ பாடு. நீ பாடினாலும் நான் போவேன். வந்து உங் கையால சோறு துன்னுவேன்."

சிரித்தான்தான். ஆனால் அன்றிரவு படுக்கும்போது விளக்கை அணைக்காமல் விட்டான். தாயம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

காலையில் சங்கு ஊதுவதற்கு முன்பே பாதையின் இரண்டு பக்கமும் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். மில் ஓடாததால் ஊரில் சத்தமே இல்லை; அந்த மில்லின் இடி ஓயாமல் கேட்டுப் பழகினவர்களுக்கு அந்த அமைதியே ஒரு கெட்ட சகுனமாக இருந்தது. தசரதன் தனியாக நடந்து வந்தான். எதிரே தாயம்மா தலைவிரி கோலமாகப் புழுதியில் உட்கார்ந்திருந்தாள். அவன் அம்மாவைக் கடந்து போகும்போது குனிந்து பார்க்கவில்லை.

ஒப்பாரியில் முதல் அடி போனவரை முறை சொல்லிக் கூப்பிடுவது. மகனே என்று எடுக்கிறாளா என்று எல்லாரும் காத்திருந்தார்கள். லூயிசா முன்வரிசையில் நின்றாள். தசரதன் கேஜுக்குள் ஏறி, குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை இந்தப் பக்கம் திருப்பினான். அப்போது தாயம்மா எடுத்தாள்.

"தாயம்மா போனாளே தங்கவயல் விட்டு
தட்டிவீடு பூட்டாம தனியாப் போனாளே
ஊருக்கு அழுதவளே உனக்கழ யாருமில்ல
உன் பேர நீ சொல்லி உன் பாட்ட நீயழுத"

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்தபோது முன்வரிசையில் இருந்தவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். அவள் நிறுத்தவில்லை. தன்னைப் பெற்றது, நடந்து வந்தது, புருஷனை இழந்தது, ஊர்ப்பிணத்துக்கெல்லாம் அழுதது, எல்லாவற்றையும் பாடினாள். மார்பில் அறைந்துகொண்டு, தன்னையே கிடத்தி வைத்து எதிரில் உட்கார்ந்து அழுவதுபோல் அழுதாள். கேஜிலிருந்து தசரதன், "அம்மா, வேணாம்," என்றான். மணி அடித்தது. கேஜ் இறங்கியது.

லூயிசா வந்து அவள் முன்னால் நின்றாள்.

"ஏமாத்திட்ட," என்றாள். "பாக்கறேன். நீ செத்தா தெரிஞ்சிபூடும்."

எது தெரிந்துவிடும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. தாயம்மா செத்தால் பாட்டு கொல்லும். பாட்டு கொல்லும் என்றால் மரியகுழந்தையைக் கொன்றது தாயம்மா.

தசரதன் சாயங்காலம் உயிரோடு மேலே வந்தான். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. லைனில் யாரும் அவனிடம் பேசவில்லை. ஆனால் எல்லார் மனதிலும் ஒரே கணக்குதான் ஓடியது. பாடப்பட்டவன் செத்தான், பாடப்படாதவன் வந்துவிட்டான். மகன் வாசலில் வந்து நின்று "அம்மா" என்றபோது தாயம்மாவின் முகம் மலர்ந்தது. உடனே அது கருத்துப்போனது.

"அப்ப மரியகுழந்தைய நாந்தான் கொன்னேன்," என்றாள். மகன் என்ன சொல்லியும் அந்த வார்த்தையிலிருந்து அவள் இறங்கவில்லை.

வேலைநிறுத்தம் அதற்குப் பிறகு நீடிக்கவில்லை. கொட்டகைச் சோதனை நின்றது; கோவணத்தில் கை வைப்பதில்லை, மடியையும் தலைமுடியையும் மட்டும் பார்ப்பது என்று கம்பெனி இறங்கி வந்தது. பதிலுக்குச் சாம்ராஜை வேலையை விட்டு நீக்கி, ரயிலேற்றி அனுப்பினார்கள். மாரிகுப்பம் ஸ்டேஷனில் அவரை வழியனுப்பப் பயந்துகொண்டு பத்துப் பேர்கூடப் போகவில்லை. தசரதன் போனான். பம்பைக் காப்பாற்றினாய், நல்லது, அம்மாவிடம் என்னை மன்னிக்கச் சொல் என்று அவனிடம் சொல்லிவிட்டுச் சாம்ராஜ் வண்டி ஏறினார். சுரங்கம் முழுகவில்லை. எல்லாரும் இறங்கினார்கள். மில் மறுபடியும் இடிக்க ஆரம்பித்தது.

லைன் தாயம்மாவின் சாவுக்காகக் காத்திருந்தது. இதைச் சாதாரணமாக எழுதிவிட்டேன், ஆனால் நினைத்துப் பாருங்கள். ஒரு லைன் முழுதும், காலையில் கதவைத் திறந்ததும், அவள் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தது. அவள் இருமினால் பக்கத்துத் தட்டியில் பேச்சு நின்றது. அவளும் காத்திருந்தாள். கோழிகளைக் கொடுத்துவிட்டாள், அம்மிக்கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பாயில் படுத்திருந்தாள்.

வரவில்லை.

மரியகுழந்தை செத்து ஒரு வருஷம் ஆன அன்று, கோயிலில் பூசை முடிந்ததும் லூயிசா வந்தாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கீறியா," என்றாள்.

"கீறேன்," என்றாள் தாயம்மா.

லூயிசா போய்விட்டாள். தாயம்மா பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு அது உறைத்தது. தான் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பாட்டு யாரையும் கொல்லாது என்பதற்குச் சாட்சி. தான் செத்தால் சாட்சி போச்சு. சாக முடியாது. அவசரப்பட்டுச் சாகவே முடியாது.

அதற்குப் பிறகு அவள் உயிரைப் பேணின விதத்தைப் பார்த்து லைன் கேலி செய்தது. இவ்வளவு நாள் ஊர்ச்சாவுக்கெல்லாம் அழுதவள் தன் சாவுக்கு இப்படிப் பயப்படுகிறாளே என்றார்கள். பிளேக் வந்தபோது யாரும் சொல்வதற்கு முன்னாலேயே மூட்டையைக் கட்டிக்கொண்டு வெட்டவெளிக் கொட்டகைக்குப் போனாள். மழையில் நனையமாட்டாள். ஷாஃப்ட் பக்கம் போகமாட்டாள். பசி இல்லாவிட்டாலும் கேழ்வரகுக் களியை விழுங்கினாள். மகன் ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டபோது, "நான் சீக்கிரம் போய்ட்டா அவனக் கொன்னது நானுன்னு ஆய்டும்," என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். அவன் அப்புறம் சிரிக்கவில்லை.

அவள் பாடுவதும் நின்றுபோனது. தனக்கே பாடிக்கொண்டவள் அடுத்தவருக்கு எப்படிப் பாடுவது? சாவு வீடுகளில் அவளை யாரும் கூப்பிடவில்லை. வேறு பெண்கள் எடுத்தார்கள், ஆனால் அந்தக் குரல் எங்கே, இது எங்கே. அவள் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து வெற்றிலையை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒவ்வொரு வருஷமும் லூயிசா வந்தாள். ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வி, அதே பதில். அந்த நாள் நெருங்கும்போதே தாயம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். அந்த நாளில் குளித்து, வெளுத்த சேலை கட்டி, வாசலுக்கு நேராக உட்கார்ந்திருப்பாள். லூயிசாவின் குழந்தை வளர்ந்து, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது. மகன் தசரதனுக்குக் குணசுந்தரி என்ற பெண்ணைக் கட்டிவைத்து, வீட்டில் பேரப்பிள்ளையும் வந்துவிட்டது. ஊரில் மின்சாரம் வந்து துரைமார் பங்களாக்களில் விளக்கு எரிந்தது. இந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை.

கடைசியில், ஒன்பதாவது வருஷம், கல்தூசி அவள் நெஞ்சைப் பிடித்தது. எத்தனையோ வருஷம் பொறுக்கிப் பிரித்த கல்லின் தூசி. மூச்சு இழுத்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். நாட்டு வைத்தியரும் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸ்ஸரும் இனி ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் அவள் விடவில்லை. குணசுந்தரிக்குப் பார்க்கவே சகிக்கவில்லை. எதற்காக இப்படி அவஸ்தைப்படுகிறீர்கள், யாரையாவது பார்க்க வேண்டுமா என்று கேட்டாள். தாயம்மா ஒரு பெயரைச் சொன்னாள். தசரதன் போய் அழைத்து வந்தான்.

லூயிசா முதன்முறையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். அவளுக்கும் வயதுக்கு முன்பே தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. பாயருகில் உட்கார்ந்தாள். தாயம்மா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

"போதுமா?" என்று கேட்டாள்.

வெளியே மில் இடித்துக்கொண்டிருந்தது. லூயிசா தலையைக் குனிந்துகொண்டு பேசினாள்.

"அன்னிக்கி அவரு போவலன்னுதான் சொன்னாரு. நாந்தான் கொழந்தையக் காட்டிப் போ போன்னு தள்ளினேன். நாந்தான் சோறு கட்டிக் குடுத்து கேட்டு வரைக்கும் இட்டாந்து வுட்டேன். நீங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே நான் அவர அனுப்பிச்சிட்டேன்."

தாயம்மாவின் மூச்சு ஒரு தரம் நின்று மறுபடியும் வந்தது.

"இத்த மொதல்லயே சொல்லிருக்கலாமே, தாயி," என்றாள்.

"சொல்லிட்டு நான் எப்பிடி இருக்கறது? நீங்க செத்துட்டா பழி உங்க மேல போய்டும்னு பாத்தேன். வருசா வருசம் வந்து பாத்தேன். நீங்க சாவல."

லூயிசா அழுதாள். தாயம்மா கையை நகர்த்த முயன்றாள், முடியவில்லை. லூயிசாவே அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதுவரை ஒரு தடவைகூட முறை சொல்லிக் கூப்பிடாதவள், குனிந்து காதருகில் சொன்னாள்.

"போதும்க்கா. நீங்க போங்க."

பகல் ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதற்குள் தாயம்மா போய்விட்டாள். கூடியிருந்த பெண்கள் வழக்கப்படி ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், ஆனால் யாருக்கும் பாட்டு வரவில்லை. அவளுக்கான பாட்டை அவளே முன்பே பாடி முடித்திருந்தாள். பிணத்தைக் குளிப்பாட்ட லூயிசாதான் தண்ணீர் எடுத்து வந்தாள்.